வியாழக்கிழமை சூப்

இங்கிலாந்தில் ஒரு கல்லூரி. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி. அங்கே பாடம் சொல்லித் தருகிறவர் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். என்ன சட்டமோ, போங்கள்! கல்லூரியின் பொறுப்பில் சில கிராமத்துச் சபைகள் இருந்தன. அதில் ஒரு பாதிரியார் கண்ணை மூடினால் அந்த இடத்துக்குப் போகலாம். அங்கே வீடும் உண்டு, கல்யாணத்துக்குத் தடையும் இல்லை.

எட்மண்ட் வாரிங் அப்படி ஒன்பது வருஷமாகக் காத்திருந்தான். அவனுக்கு நிச்சயமான ஹாரியட்டும் காத்திருந்தாள்.

ஒருநாள் காலையில் கல்லூரித் தலைவர் டாக்டர் கிரேலிடம் போய் நின்றான். அவரும் பாதிரியார்தான், கல்யாணம் ஆகாதவர். அவன் வேதம் படித்ததே அவரிடம்தான்.

“ஐயா, என் பொறுமை போய்விட்டது. எப்படிக் காத்திருப்பதென்று சொல்லிக்கொடுங்கள்.”

“யாருடைய இடத்துக்குக் காத்திருக்கிறீர்?”

“டிங்லி பாதிரியாருடைய இடத்துக்கு. எழுபது வயசு. ஓயாத இருமல்.”

“அவர் சாக வேண்டுமென்று ஜெபம் பண்ணுகிறீரோ?”

“ஐயையோ! சுகம் வேண்டித்தான் ஜெபம். ஆனால் ஒருநாள் அவர் இருமினபோது சந்தோஷப்பட்டுவிட்டேன். அந்தப் பாவம் தீர, வாராவாரம் கோழி சூப் அனுப்புகிறேன்.”

கிரேல் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“யார் கொண்டுபோகிறது?”

“ஹாரியட்தான். வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இருக்கிறதே. பாவம், மனைவி போனபிறகு அவர் தனி ஆள். இவள் கொஞ்சநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவாள்.”

“இருமல் எப்படி இருக்கிறது?”

“அதுதான் வயிற்றெரிச்சல்! நின்றேபோச்சாம். புதுக் கோட்டு தைத்திருக்கிறாராம். தலைக்கு வாசனை எண்ணெய் வேறு!”

கிரேல் எழுந்தார். வாரிங்கின் தொப்பியை எடுத்து அவன் தலையில் தானே வைத்தார். ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

“ராஜினாமா எழுதும். எழுதிவிட்டு ஓடும். இன்றைக்கு வியாழக்கிழமை.”

“என் வகுப்பு?”

“நான் எடுக்கிறேன்.”

“வேலை போனால் நாங்கள் எதைச் சாப்பிடுவது?”

“சூப்.”

“ஐயா, விளையாடாதீர்கள்! நான் கேட்டது பொறுமையை.”

“அது என்னிடம் நிறைய இருந்தது ஓய். முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே டிங்லி, இதே இருமல். நானும் இப்படித்தான் காத்திருந்தேன். சூப்பும் கொடுத்தனுப்பினேன்.”

வாரிங்கின் கையில் பேனா நின்றது.

“யாரிடம் ஐயா?”

“போன வருஷம் செத்துப்போனாளே டிங்லியின் மனைவி, அவளிடம்.”