பாறைக்குப் பின்னால் ஒரு மதியச் சாப்பாடு

மாசிலாமணிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் விடிந்ததும் பாறை உடைக்கிற ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் அவருக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். பதில் தெரிந்தவரோ, கவிழ்த்துப் போட்ட சிமென்ட் சட்டியின் மேல் உட்கார்ந்து சாவகாசமாக வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் எஸ்தர். வயது முப்பத்தெட்டு. மலையில் கட்டடம் எழுப்புவதில் பேர் போனவர். அவரிடம் பாடம் கேட்க வந்த மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு. கோயம்புத்தூரில் கண்ணாடி மாளிகைகளாகக் கட்டித் தள்ளியவர். கட்டியதெல்லாம் வெயிலில் வெந்து, ஏசி நின்றால் உள்ளே மூச்சுவிட முடியாது என்று ஆனதைப் பார்த்து மனம் விட்டுப்போனது. இனிமேல் மண்ணும் காற்றும் சொல்கிறபடிதான் கட்டுவது என்று முடிவெடுத்து எஸ்தரைத் தேடி வந்துவிட்டார். பழைய வேலையை ஊரிலேயே விட்டு வந்தவர், பழைய அவசரத்தை மட்டும் விட்டு வரவில்லை.

குரு சீடரை ‘அண்ணா’ என்பார். சீடர் குருவை ‘டீச்சர்’ என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

கட்ட வேண்டியது ஓர் உணவகம். வால்பாறைக்கு மேலே, எட்டிப் பார்த்தால் அடி தெரியாத ஒரு பள்ளத்தின் விளிம்பில், பசுமைக்குடிலே உணவகமாக நிற்க வேண்டும். மேசைகளுக்கு நடுவே பாத்திகள் இருக்கும். பாத்தியில் விளைவதுதான் இலைக்கு வரும். சூடாக்கவோ குளிரவைக்கவோ மின்சாரம் கூடாது. விளிம்பை ஒட்டிக் கட்டினால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்று மாசிலாமணி வரைபடம் போட்டிருந்தார். விளிம்பிலிருந்து நாற்பதடி தள்ளி, யானை உயரத்துக்கு ஒரு பாறை நீளமாகக் கிடந்தது. அது போனால்தான் அவர் வரைபடத்துக்கு இடம் போதும்.

பாறை போய்விடும். காற்று போக வேண்டுமே. பள்ளத்திலிருந்து ஏறி வருகிற காற்று அது. மாதிரிக்கு மூங்கில் நட்டு, பாலித்தீன் கட்டி இரண்டு முறை பார்த்தார். இரண்டு முறையும் கிழித்துத் தூக்கி எங்கேயோ எறிந்துவிட்டது. தட்டில் வைத்த தக்காளி நாற்றுகளெல்லாம் கருகிப்போயின. நிலத்துக்காரர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மூன்றாவது தடவையும் பறந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடியும் கோயம்புத்தூர், மறுபடியும் கண்ணாடி மாளிகை என்று நினைத்தாலே மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தினமும் மதியம் காருக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, டப்பாவை மடியில் வைத்துக் கடமைக்குச் சாப்பிடுவார். வெளியே வைத்தால் அப்பளம்கூடத் தங்காது.

“டீச்சர், இந்தக் காத்தை எப்படித்தானுங்க நிறுத்தறது?”

காலையிலிருந்து இது மூன்றாவது முறை. இரும்பைத் தடிமனாக்கலாமா, கம்பி இழுத்துக் கட்டலாமா என்று அவரே நாலு பதிலும் சொல்லி, அவரே அதையெல்லாம் அடித்தும் விட்டார்.

“மணி என்னண்ணா?” என்றார் எஸ்தர்.

“பன்னெண்டே முக்காலுங்க.”

“ஒண்ணாகட்டும்.”

மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளிம்பு வரை நடந்தார். திரும்பி வந்தார். வேட்டி நுனியைக் காற்று பிடுங்கியது. கால்மணி நேரம் ஒரு யுகமாக நகர்ந்தது.

ஒரு மணிக்கு வேலையாட்கள் மண்வெட்டியைப் போட்டார்கள். பதினோரு பேர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சாப்பாட்டுத் தூக்குப்போசிகளை எடுத்துக்கொண்டு ஒரே பக்கமாக நடந்தார்கள்.

“உங்க டப்பாவை எடுத்துக்கிட்டு அவங்க கூடப் போங்கண்ணா. எதுவும் கேக்காதீங்க. சாப்பிட்டு வாங்க.”

சாப்பாடா இப்போது முக்கியம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர்கள் பாறையைச் சுற்றி மறுபக்கம் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாசிலாமணியும் உட்கார்ந்தார்.

கதவைச் சாத்தியது போலக் காற்று நின்றது.

டப்பாவைத் திறந்தார். மூடியை மண்ணில் வைத்தார். மூடி அசையவில்லை. காலை வெயிலை வாங்கி வைத்திருந்த பாறை முதுகுக்கு இதமாகச் சுட்டது. பக்கத்தில் இருந்த பேச்சியம்மாள், சாரின் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையே என்று பாறையடியில் கைநீட்டி, இரண்டு பச்சை மிளகாய் பறித்துக் கொடுத்தார். அப்போதுதான் மாசிலாமணி அந்தப் பக்கம் பார்த்தார். மிளகாய்ச் செடிகள். காய்த்துத் தொங்கும் தக்காளி. பாறையில் பற்றி ஏறும் பூசணிக்கொடி.

யார் நட்டது என்று கேட்டேவிட்டார்.

“யாரும் நடலைங்க சார். போசி கழுவி ஊத்துற தண்ணில தானா வந்துச்சு.”

மாசிலாமணி பாறையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். சாப்பிட்டுக் கைகூடச் சரியாகக் கழுவாமல் எஸ்தரிடம் ஓடி வந்தார். பாறையே பின்சுவர், குடிலை அதில் சாய்த்துக் கட்டிவிடலாம், இரவுக்குப் பாறையின் சூடே போதும் என்று மூச்சு வாங்கச் சொன்னார். சொல்லும்போதே முகம் வாடியது.

“ஆனா பள்ளத்தாக்கு தெரியாதுங்களே டீச்சர். அதைப் பாக்கத்தானே வர்றாங்க?”

“பாக்கறவங்க விளிம்புல நின்னு பாப்பாங்க. சாப்பிட உக்காரணுமில்ல?”

மாசிலாமணி பாறை உடைப்பவர்களுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். போனை வைத்த பிறகும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

“நாலு மாசமா இந்த இடத்தை விட்டு நகரலைங்க டீச்சர். காத்தளக்கற மெஷின் வெச்சேன். மண்ணைச் சோதிச்சேன். பதினோரு பேருக்குத் தெரிஞ்சது எனக்கு மட்டும் எப்படிங்க தெரியாமப் போச்சு?”

எஸ்தர் எழுந்து சேலையில் ஒட்டிய சிமென்ட்டைத் தட்டிவிட்டார்.

“நாலு மாசமும் மத்தியானச் சோறு எங்க உக்காந்து சாப்பிட்டீங்கண்ணா?”

மாசிலாமணி பாதையைத் திரும்பிப் பார்த்தார். நான்கு கண்ணாடிகளும் ஏற்றியபடி கார் நின்றுகொண்டிருந்தது.