வீங்காத கடி

"சார், கடிச்ச இடம் வீங்கலைன்னா விஷம் இல்லைன்னு நீங்கதானே எழுதுனீங்க? அப்பா அதைப் படிச்சிட்டுத்தான் படுத்தாரு. எந்திரிக்கல."

அவ்ளோதான். அந்தப் பொண்ணு போனை வச்சிட்டா.

பரணிதரன் லேப்ல அப்படியே நிக்கிறான். பாம்பு விஷத்துல பிஎச்டி பண்றவன். மக்களுக்குப் புரியுற மாதிரி எழுதுற விஞ்ஞானிகளுக்குத் தர்ற தெய்வசிகாமணி நினைவு விருது இந்த வருஷம் அவனுக்குத்தான்! பாம்புக்கடி பத்தின கட்டுரை. வாட்ஸ்அப்ல ஊரெல்லாம் சுத்திச்சு. நேத்து மேடையில போட்ட சால்வை இன்னும் நாற்காலி மேல கிடக்கு.

அவனோட கைடு ஹெப்சிபா மேடம் நிமிர்ந்து பார்த்தாங்க. அவன் விஷயத்தைச் சொன்னான்.

"என்ன பாம்பு?"

"கட்டுவிரியனா இருக்கும் மேடம். அது கடிச்சா வீங்காது. வலிகூட பெருசா இருக்காது."

"தெரிஞ்சிருக்கே. அதை ஏன் எழுதல?"

"நம்ம ஃப்ரீசர்ல இருக்கிறது பூரா கண்ணாடிவிரியன் விஷம். அது கடிச்சா வீங்கும். எழுதும்போது எனக்குப் பாம்புன்னாலே அது மட்டும்தான் மேடம்."

அவன் நாற்காலி மேல கிடந்த சால்வையை எடுத்து மடிச்சான்.

"விருதைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"குடு. கட்டுரையை யார்கிட்டேர்ந்து திருப்பி வாங்குவ?"

அவன் உட்கார்ந்துட்டான். "இனிமே ஒரு வரி எழுத மாட்டேன். நான் எழுதாம இருந்திருந்தா அந்த மனுஷன் இந்நேரம் டீ குடிச்சிட்டிருப்பாரு."

மேடம் கையுறையைக் கழட்டுனாங்க.

"தெய்வசிகாமணி சார்தான் என் கைடு. கட்டுவிரியன்னா அவரை விட்டா ஆள் கிடையாது. எழுதுனதெல்லாம் வெளிநாட்டு ஜர்னல்ல. பத்திரிகைல எழுதுறது வேலைவெட்டி இல்லாதவன் பண்றதும்பாரு. அவர் கூடப்பொறந்த தங்கச்சியை அதே பாம்பு கடிச்சுது. வீங்கல. சோறு வடிச்சு வச்சிட்டுப் படுத்துட்டாங்க."

"வீட்டுல யாருக்கும் தெரியாதா மேடம்?"

"யார் சொன்னா தெரிய? பொணத்தை நடுவுல வச்சுக்கிட்டு தங்கச்சி புருஷன் கேட்டாரு, 'மச்சான், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?'ன்னு. சார் தலையைக் குனிஞ்சவர்தான். சாகறதுக்கு முன்னாடி வீட்டை வித்து இந்த விருதை ஆரம்பிச்சாரு."

பரணி நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சான்.

"நான் இப்ப என்ன பண்ணட்டும் மேடம்?"

"செத்தவர் பேர் என்ன?"

"கேக்கல."

"கேளு. அடுத்த கட்டுரைக்கு அதுதான் முதல் வரி."

அவன் போனை எடுத்தான். கையில வச்சிக்கிட்டே நின்னான்.

இதைப் படிக்கிற நீங்க சொன்னதை நம்பி யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?