மாடிப்படிக்குக் கீழே மூன்று ஓனர்கள்

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிற மூன்று பேரில் புத்திசாலி தான்தானோ என்று மாசிலாமணிக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். தங்கப்பழத்துக்கும் பிச்சைக்கனிக்கும் அவரவரைப் பற்றி அதே சந்தேகம். ஆகவே மூவரும் கூட்டாக வீடு வாங்கக் கிளம்பினார்கள்.

மாசிலாமணிக்குத்தான் அவசரம். "சொந்த வீட்டுக்குக் கூப்பிட்டா வாரேன்" என்று சொல்லிவிட்டு அவன் மனைவி செல்லக்கிளி சாத்தூரில் அம்மா வீட்டில் இருந்தாள்.

கையில் காசில்லை. வீட்டுத் தரகர் வழி சொன்னார்: "மூணு குடித்தனம் உள்ள வீடு ஒண்ணு இருக்கு. ஒண்ணை ஒத்திக்கு விட்டு, வர்ற பணத்தை முன்பணமாக் கட்டுங்க. மிச்சத்துக்கு பேங்க் லோன். தவணையை மத்த வீட்டு வாடகை கட்டிரும். கைக்காசை மட்டும் போட்டுராதீங்க."

மூன்று வீட்டையுமே ஒத்திக்கு விட்டார்கள். பத்திரம் பதிவானது. பால் காய்ச்சப் போனபோதுதான் மூன்று அடுப்படியிலும் யாரோ குழம்பு வைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மாடிப்படியில் ஸ்டவ் வைத்துக் காய்ச்சினார்கள்.

ஒத்திக்கு வருகிறவர் மொத்தமாகப் பணம் கொடுப்பார், காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்வார், வாடகை தரமாட்டார். இது ஊருக்கே தெரியும். மாசிலாமணிக்கும் தெரியும். முதல் தவணை வந்தபோது ஞாபகமும் வந்தது.

"சம்பளத்திலருந்து கட்டிருவமா?" என்றான்.

"கைக்காசு போடக்கூடாதுன்னு தரகர் அண்ணாச்சி சொல்லிருக்காரு" என்று பதறினான் பிச்சைக்கனி. "வாடகைதான் கட்டணும்."

"விடாத இடம் ஏதும் மிச்சம் இருக்காடே?" என்றான் தங்கப்பழம்.

மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மூவரும் அதுவரை தங்கியிருந்த பழைய அறையைக் காலி செய்துவிட்டு அதை வாடகைக்கு எடுத்தார்கள். சம்பளத்தன்று குடித்தனக்காரர்களாக நின்று வாடகை கொடுத்தார்கள். ஓனர்களாகத் திரும்பி நின்று வாங்கிக்கொண்டார்கள். கைக்காசு பைசா போகவில்லை.

"நமக்கு வாய்ச்ச ஆளுக தங்கம்டே" என்றான் தங்கப்பழம்.

செல்லக்கிளியைத்தான் கூப்பிட முடியவில்லை. படிக்குக் கீழே நாலாவது ஆளுக்கு இடமில்லை.

அப்போது நடுவீட்டில் குடியிருந்த வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. ஒத்திப் பணத்தைக் கேட்டார். அது முன்பணத்தோடு போய்விட்டிருந்தது. வீடே கைவிட்டுப் போகும் போலிருந்தது. விஷயம் சாத்தூருக்கு எட்டி, செல்லக்கிளி நகையையெல்லாம் அடகு வைத்து, வாத்தியார் பணத்தைக் கொடுத்துவிட்டு நடுவீட்டில் பெட்டியை இறக்கினாள்.

மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. எல்லோருக்கும் போட்ட அதே ஒப்பந்தத்தில் அவளிடமும் கையெழுத்து வாங்கினான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வெளியாள் ராத்தங்கக் கூடாது.

பொழுது சாய்ந்ததும் தலையணையோடு கிளம்பியவனைப் பிச்சைக்கனி மறித்தான்.

"எங்கடே?"

"வீட்டுக்கு."

"ஒப்பந்தத்தில குடியிருக்கிறது யாரு?"

"செல்லக்கிளி."

"நீ?"

"ஓனர்னு போட்டிருக்கு."

"ஓனர் போயி குடித்தனக்காரப் பொம்பளை வீட்டில ராத்தங்குனா மத்த ரெண்டு வீடும் என்னடே நினைக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. மாசிலாமணி தலையணையைப் படிக்குக் கீழே போட்டான்.

செல்லக்கிளி வாசலில் வந்து நின்றாள். "உள்ள வாரீகளா, கதவைச் சாத்தவா?"

"ஒண்ணாந்தேதி பார்வையிட வாரேன்" என்றான் மாசிலாமணி, ஓனர் குரலில்.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் உள்ளே ஆணி அடிக்கிற சத்தம். படிக்கட்டே அதிர்ந்தது.

"முன்னப்பின்ன விசாரிக்காம வீடு விட்டா இப்படித்தான்" என்றான் தங்கப்பழம்.

"ஆமாடே" என்று பெருமூச்சு விட்டான் மாசிலாமணி. "அடுத்தாப்ல நமக்குத் தெரிஞ்ச குடும்பமாப் பார்த்து விடணும்."