சொல்லாத சரித்திரத்தின் விலை

மருதங்காட்டு அரண்மனையில் விகடராக இருந்த சாத்தையா உண்மையில் படித்தது சரித்திரம். படித்து முடித்து ஊரெல்லாம் வேலை தேடினார். எதுவும் கிடைக்காமல்தான் ராஜாவைச் சிரிக்க வைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார். பட்டம் வாங்கியவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல!

அப்படியும் புத்தி வராமல், தன் ஒரே மகள் உமையாளையும் அரண்மனைச் சரித்திரக் கல்விச்சாலையிலேயே சேர்த்திருந்தார். அவளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பொக்கிஷ மந்திரி திருமேனிநாதர் சபையில் எழுந்தார்.

"அரசே, கணக்குப் படித்தவன் சுங்கச்சாவடியில் உட்கார்ந்து இரண்டே வருஷத்தில் மாடி வீடு கட்டுகிறான். வைத்தியம் படித்தவனுக்கோ நோயாளி பிழைத்தாலும் காசு, போனாலும் காசு. சரித்திரம் படித்தவன் என்ன சம்பாதித்தான்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அந்தக் கல்விச்சாலையை மூடிவிட்டு மிளகுக் கிடங்காக்கலாம்."

மிளகு வியாபாரம் செய்தவர் மந்திரியின் மைத்துனர். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மன்னர் குணவீரர் சாத்தையாவைப் பார்த்தார். "நீர் என்ன சொல்கிறீர்?"

"மூடிவிட்டால் என் மகள் பாதிப் படிப்போடு வீட்டுக்கு வருவாள், அரசே. முழுதும் படித்த எனக்கே இந்தக் கதி!"

சபை சிரித்தது. சாத்தையா சிரிக்கவில்லை.

"சரி," என்றார் மன்னர். "தேரோட்டத்துக்கு முந்தின நாளுக்குள் சரித்திரத்தால் நூறு பொன் சம்பாதித்துக் காட்டும். காட்டினால் கல்விச்சாலை இருக்கும். இல்லையென்றால் மிளகுதான்."

சாத்தையா கடைவீதிக்குப் போய், "சரித்திரம் சொல்கிறேன்" என்று கூவிப் பார்த்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடலைக்காரி மட்டும், "ஒரு பிடி கடலை தாரேன் சாமி. ஆனா சண்டை, காதல் எல்லாம் இருக்கணும்" என்றாள். சாத்தையா கடலையைத் தின்றபடியே யோசித்தார். தின்று முடித்ததும் நேராகத் தண்டோராக்காரனைத் தேடிப் போனார்.

மருதங்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தேரோட்டத்தன்று பெரிய வீட்டுக்காரர்களுக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள். கட்டுவதற்குமுன் கட்டியக்காரர் ஊர் கேட்க அந்தந்த வீட்டு வம்சப் பெருமையை முழங்குவார். முழங்க வேண்டியதை அந்த வீட்டாரே எழுதிக் கொடுப்பார்கள். அதனால் மருதங்காட்டில் சிங்கத்தைக் கொல்லாத பாட்டனாரே கிடையாது. அந்தச் சீமையில் சிங்கம் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

தண்டோரா முழங்கியது. "இதனால் சகலருக்கும் அறிவிப்பது! இந்த வருஷக் கட்டியத்தைச் சாத்தையா மேற்பார்வையில் சரித்திரக் கல்விச்சாலையார் கல்வெட்டையும் பழஞ்சுவடியையும் பார்த்து எழுதுவார்கள். உண்மை மட்டுமே முழங்கப்படும். கூலி எதுவும் வேண்டாம்!"

மறுநாள் உச்சிவெயிலில், ஊர் உண்டு உறங்கும் நேரத்தில், சாத்தையா வீட்டுப் பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் வந்தவர் ஒரு செக்குக்காரர்.

"ஐயா, எங்க கொள்ளுத்தாத்தா போர்க்களத்துக்குப் போனது வாஸ்தவந்தான். எந்தப் பக்கம் பார்த்து ஓடினாருன்னு கல்வெட்டுல போட்டிருக்குமோ?"

"படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்."

"எதுக்குங்க சிரமம்? கல்விச்சாலைக்கு ஏதோ நம்மால ஆன நன்கொடை. கட்டியம் பழையபடியே இருந்துட்டுப் போகட்டும்." ஒரு பொன்முடிப்பை வைத்துவிட்டு அவர் நழுவினார்.

அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. கடைசியில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். முக்காடு மூடினாலும் விரலில் அரண்மனை முத்திரை மோதிரம் மின்னியது. எல்லோரையும்விடப் பெரிய முடிப்பு அவருடையதுதான்.

குறித்த நாளில் பொற்காசுகள் அரசர் முன் குவிந்தன. நூறென்ன, முந்நூறு தேறும்.

"மோசடி!" என்று கத்தினார் திருமேனிநாதர். "ஓய், யாருக்கு என்ன சரித்திரம் சொல்லி இவ்வளவு வாங்கினீர்?"

"ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, மந்திரியாரே. சரித்திரம் சொன்னதற்குக் கிடைத்தது ஒரு பிடி கடலை. சொல்லாமல் இருந்ததற்குக் கிடைத்தது இவ்வளவும்."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். "அதிகம் கொடுத்த புண்ணியவான் யார்?"

"சொன்னால் அவர் பொன்னை நான் திருப்பித் தரவேண்டுமே, அரசே! மந்திரியார் கேட்டுக்கொண்டால் சொல்கிறேன்."

திருமேனிநாதருக்குக் குப்பென்று வியர்த்தது. "அரசே, யோசித்துப் பார்த்தால் மிளகை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கல்விச்சாலை கட்டாயம் இருக்க வேண்டும்."

மன்னருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"சாத்தையா, தேரோட்டத்தில் முதல் பரிவட்டம் எனக்கல்லவா? என் கட்டியம்?"

"என் மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள், அரசே. உங்கள் பாட்டனார் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த விதம்வரை வந்துவிட்டாள். அந்த ராத்திரி கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்று..."

மன்னர் அவசரமாகத் தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

"உமக்குப் பரிசு. உம் மகளுக்குப் படிப்பு முடிந்ததும் அரண்மனை உத்தியோகம். ஆஸ்தான சரித்திர ஆசிரியை! மந்திரிக்குச் சமமான சம்பளம்!"

சாத்தையா மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என் மகள் என்ன வேலை செய்ய வேண்டும், அரசே?"

"இன்றே எழுதுகோலைக் கீழே வைக்கச் சொல்லும். அதுதான் வேலை!"