எட்டு கே அமைச்சரும் பின்னால் சுற்றிய சக்கரமும்

ராஜா காலத்தில் கேமரா ஏது என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கொம்படிக்கோட்டையில் கேமரா இருந்தது. அதற்கென்று ஓர் அமைச்சரும் இருந்தார். பெயர் அனந்தகிரி. கேமரா விஷயத்தில் அவருக்கு நன்றாகக் கைவந்தது அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது மட்டும்தான்.

அந்த நாட்டில் ரேக்ளாப் பந்தயம் என்றால் உயிர். யார் முந்தினார் என்பதில் வருஷா வருஷம் மண்டை உடையும். முந்தாமலே முந்தினேன் என்று பொய் வழக்காடுகிறவன் தன் காளைகளை அரண்மனையில் கட்டிவிட்டுப் போக வேண்டும். அது பழைய வழக்கம். இந்த வருஷம் அனந்தகிரி பேச்சைக் கேட்டு ராஜா செண்பகவர்மன் புதிதாக ஒரு சட்டமும் போட்டார்.

"இனிமேல் கேமராப் படம் சொல்வதே தீர்ப்பு. படத்தைச் சந்தேகிக்கிறவன் நாட்டை விட்டே போக வேண்டும்!"

பந்தயத்தன்று காலையில் அனந்தகிரி எல்லைக்கோட்டருகே கேமராவை நிறுத்தினார். அரசவை விகடர் ஆபத்சகாயம் எட்டிப் பார்த்தார்.

"என்ன அளவு வைத்திருக்கிறீர்கள், அமைச்சரே?"

"எட்டு கே! மாட்டின் மயிரைக்கூட எண்ணலாம்."

"நொடிக்கு எத்தனை படம்?"

"இருபத்து நாலு."

"ஓடுகிற மாட்டுக்கு மயிர் எதற்கு? ஆயிரத்து எண்பதுக்கு இறக்குங்கள். படம் சிறுத்தால் இதே கேமரா நொடிக்கு நூற்றிருபது எடுக்கும். ஒரு பாய்ச்சலும் தப்பாது."

அனந்தகிரி முகத்தைச் சுளித்தார். "ஆயிரத்து எண்பதா? அது காதுகுத்து வீட்டு வீடியோ ஐயா! ராஜாவின் மைத்துனர் ஓட்டுகிறார். அவர் வண்டிச் சக்கரத்து ஆரக்கால்களுக்குத் தங்க முலாம் பூசியிருக்கிறது. அதையா சிறிதாக எடுப்பது?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் என்ன பேச? ஆபத்சகாயம் தன் பழைய சின்ன கேமராவை எதிர்ப்பக்க வேப்பமரத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பந்தயம் பறந்தது. மைத்துனர் விசயரங்கத்தின் வண்டியும் சடையன் என்ற குடியானவனின் வண்டியும் ஒட்டிக்கொண்டே எல்லைக்கோட்டைத் தாண்டின. இருவரும் "நானே முதல்" என்றார்கள்.

சபையில் படம் ஓடியது. மைத்துனரின் மீசை முறுக்கு அற்புதமாகத் தெரிந்தது. ஆனால் ஒரு படத்தில் இரண்டு வண்டிக் காளைகளும் கோட்டுக்கு அரை முழம் இப்பால். அடுத்த படத்தில் எல்லாம் கோட்டுக்கு அப்பால். கோட்டைத் தொட்ட கணம் எட்டு கேயிலும் இல்லை, எங்கும் இல்லை.

"நடுவில் என்ன நடந்தது?" என்றார் ராஜா.

"நடுவில் ராஜகுடும்பம்தானே முந்தியிருக்கும், மகாராஜா?" என்று குழைந்தார் அனந்தகிரி. வெட்கம் கெட்ட மனுஷன்! "சடையன் பொய் வழக்காடுகிறான். காளைகளைப் பிடித்துக் கட்டச் சொல்லுங்கள்."

சடையன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சாமி, என் மயிலைக் காளை மூக்குத்தான் மொதல்ல கோட்டைத் தாண்டுச்சு. இந்த ரெண்டும் போனா நான் எதைக் கட்டி உழுவேன்?"

"அப்படியானால் படத்தைச் சந்தேகிக்கிறாயா?" என்று அனந்தகிரி உறுமினார்.

ஆபத்சகாயம் குறுக்கே எழுந்தார். "அபசாரம்! படத்தைச் சந்தேகிக்கலாமா? நான் அதை முழுசாக நம்புகிறேன். முதலிலிருந்து இன்னொரு முறை ஓட்டுங்கள். மகாராஜா, மைத்துனர் வண்டிச் சக்கரத்தை மட்டும் பாருங்கள்."

தங்க ஆரக்கால்கள் பளபளவென்று சுற்றின. பின்பக்கமாகச் சுற்றின!

"சக்கரம் பின்னால் சுற்றினால் வண்டியும் பின்னால்தான் போகும். பின்னால் போன வண்டி முதலில் வந்தது எப்படி? சட்டப்படி மைத்துனர் இன்னும் கோட்டுக்கே வந்து சேரவில்லை!"

சபை கொல்லென்று சிரித்தது. மைத்துனர் முறைத்த முறைப்பில் அனந்தகிரிக்கு வேர்த்துவிட்டது. "இல்லை இல்லை! அது நிஜமில்லை! நொடிக்கு இருபத்து நாலே படம் எடுத்தால் வேகமாகச் சுற்றுகிற சக்கரம் அப்படித்தான் தப்பாகத் தெரியும்! படத்தை நம்பாதீர்கள்!"

நுணலும் தன் வாயால் கெடும்.

"படத்தை நம்பாதே என்று இப்போது சொன்னது யார்?" என்றார் ராஜா மெல்ல.

அனந்தகிரி வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் ஆபத்சகாயம் வேப்பமரத்துக் கேமராவின் படத்தை ஓட்டினார். மீசை தெரியவில்லை, முலாம் தெரியவில்லை. ஆனால் நொடிக்கு நூற்றிருபது படம். அதில் ஒன்றில் மயிலைக் காளையின் மூக்கு மட்டும் கோட்டைத் தாண்டி நின்றது. மற்ற மூன்று மூக்கும் இப்பால்.

"சடையனுக்கே வெற்றி! அவன் காளைகள் அவனிடமே இருக்கட்டும், முதல் பரிசும் அவனுக்கே!" என்றார் ராஜா. சடையன் தரையில் விழுந்து கும்பிட்டான். பிறகு ராஜா காவலர்களைப் பார்த்தார். "இந்த எட்டு கே அமைச்சரை மைத்துனர் வண்டியிலேயே ஏற்றி எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள்."

ஆபத்சகாயம் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் மகாராஜா! அந்த வண்டி பின்பக்கமாகத்தான் போகும். மறுபடியும் இங்கேயே கொண்டுவந்து விட்டுவிடும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் கீழே விழுந்தது.