கால்வாய்க்கரையில் ஓடியவன்

வேலாயுதப்பெருமாள் மடத்துக்குள் செருப்போடு நுழைந்துவிட்டார். பாதித் தூரம் வந்தபிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய்க் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த செங்கமலத்தம்மாள் நிமிர்ந்து பார்த்தார். வயதில் பெருமாளைவிட இளையவர். ஆனாலும், ஊரில் பம்ப்செட் மோட்டார் பழுதுபார்க்கும் பெருமாளுக்கு, குடியை விட்ட நாளிலிருந்து அவர்தான் குரு.

“நாளைக்குக் கோர்ட்ல என் சாட்சியம், அம்மா.”

“தெரியும். உக்காருங்க.”

பெருமாள் உட்காரவில்லை.

அவருடைய தம்பி சுடலைமுத்துவை வாழைத்தோட்டத்தில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். வரப்புத் தகராறில் பகையாகிப்போன ஆவுடையப்பன்மேல் வழக்கு. அன்று அலறல் கேட்டுக் கால்வாய்ப் பாலத்துக்கு ஓடிவந்த பெருமாள், கரையோடு ஒருவன் ஓடுவதைப் பார்த்தார். ஆவுடையப்பன்தான் என்று போலீஸில் சொன்னார். கண்ணால் பார்த்த சாட்சி அவர் ஒருவர்தான்.

“அரசு வக்கீல் என்னை உறுதியா நிக்கச் சொல்லுதார். நான் உறுதியா நின்னா தண்டனை உறுதியாம். ‘அத்தான் மன உறுதிக்காரர், மாற மாட்டார்’னு தம்பி பெண்டாட்டி பேராச்சி பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லுதா. நீங்களும்தான், குடிக்க மாட்டேன்னு அன்னைக்கு என்கிட்ட உறுதி வாங்கினீங்க. எல்லாரும் இந்த ஒரு சொல்லையே சொல்லுதீங்க. எனக்குத்தான் கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. உறுதின்னா என்னம்மா?”

செங்கமலத்தம்மாள் கீரையை ஒதுக்கி வைத்தார்.

“பொழுது இன்னும் முழுசா சாயல. வாங்க, அந்த இடத்துக்குப் போவோம்.”

பாலத்தின்மேல் நின்றார்கள்.

“அன்னைக்கு எங்க நின்னீங்க?”

“இங்கதான்.”

“அவன் எங்க ஓடினான்?”

“மதகைத் தாண்டி, அந்தக் கரைமேல.”

“வெளிச்சம்?”

“இதே மங்கல்தான்.”

செங்கமலத்தம்மாள் கரையோடு நடந்தார். பெருமாள் பாலத்துச் சுவரைத் தேய்த்துக்கொண்டும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டும் இருந்தார். மதகைத் தாண்டி வெள்ளைச் சேலை நின்றது. சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு திரும்பி வந்தது.

“நான் தெரிஞ்சேனா?”

“நல்லாத் தெரிஞ்சீங்க.”

“முகம்?”

“தெரிஞ்சுது.”

“எப்படி இருந்தது?”

“எப்பவும்போலச் சாந்தமா இருந்தது. என்னையே பாத்துக்கிட்டு நின்னீங்க.”

“நான் வாழைத்தோட்டத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். உங்க பக்கம் இருந்தது என் முதுகு.”

பெருமாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “இது என்ன விளையாட்டு? அங்க நிக்கிறது நீங்கதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதனாலதான் முகம்...”

பேச்சை நிறுத்திவிட்டு மதகையே பார்த்தார்.

“அவன்தான் செஞ்சான்” என்றார் பிறகு. “என் மனசுக்குத் தெரியும். ‘உன்னை வெட்டாம விட மாட்டேன்’னு என் தம்பியைப் பாத்து டீக்கடையில எல்லார் முன்னாடியும் கத்தினான்.”

“அதைச் சொல்லுங்க.”

“அது போதாதாம். முகத்தைப் பாத்தேன்னு சொன்னாத்தான் கேஸ் நிக்குமாம்.”

“போலீஸ்ல முதல்ல என்ன சொன்னீங்க?”

“ஒருத்தன் ஓடினான்னேன். யாருன்னு கேட்டாங்க. ஆவுடையப்பனாத்தான் இருக்கும்னேன். இருக்குமா, இல்ல அவனேதானான்னு கேட்டாங்க. அவனேதான்னேன்.”

“முகம் எப்போ வந்தது?”

பெருமாள் பாலத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் நடந்தார்.

“நான் மாத்திச் சொன்னா அவன் தப்பிச்சிருவான். பேராச்சி முகத்துல எப்படிம்மா முழிப்பேன்?”

“கஷ்டம்தான்” என்றார் செங்கமலத்தம்மாள்.

மறுநாள் கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டார்: “நீங்கள் பார்த்த ஆள், இதோ குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர்தானே?”

பெருமாள் ஆவுடையப்பனைப் பார்த்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஒடுங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்தும் வெறுப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை.

“ஒருத்தன் ஓடினான் ஐயா. முகத்தை நான் பாக்கல.”

வக்கீல் அவரைச் சொல் மாறிய பிறழ் சாட்சி என்று அறிவிக்கும்படி நீதிபதியிடம் கேட்டார். குரலை உயர்த்தி, மாற்றி மாற்றிக் கேட்டார். யார் மிரட்டினார்கள் என்று கேட்டார். பெருமாளுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பதில் மட்டும் மாறவில்லை.

வேறு சாட்சி இல்லை. வெட்டிய அரிவாளும் கிடைக்கவில்லை. ஆவுடையப்பன் விடுதலையானான்.

பேராச்சி, பெருமாளின் மோட்டார் கடை வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். “கூடப் பிறந்தவனை வித்துட்டீரே!” என்று தெருவே கேட்க அழுதாள். பெருமாள் கும்பிட்டபடி நின்றார். ஆவுடையப்பனும் ஒருநாள் வந்தான். கையெடுத்துக் கும்பிட்டான். பெருமாள் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு, “போயிரு, நிக்காத!” என்று கத்தினார்.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. ஒருநாள் மதியம், பிரித்துப் போட்ட மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு மடத்துக்கு நடந்தார்.

“தெரிஞ்சதைத்தான் சொன்னேன்” என்றார். “ஆனா என் தம்பியை வெட்டினது யாரு? அவன்தானா, அவன் இல்லையா? எந்த நேரமும் இதுதான் மண்டையக் குடையுது. அவன் கும்பிட்டது நன்றிக்கா, பாவத்துக்கா? எதிர்ல வர்ற ஒவ்வொருத்தன் கையையும் பாக்கேன். என்னால தாங்க முடியலம்மா. நீங்க அறிஞ்சவங்க. அவன்தான்னு சொன்னாலும் சரி, அவன் இல்லைன்னு சொன்னாலும் சரி. ஒரு சொல்லு சொல்லுங்க. அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுவேன்.”

செங்கமலத்தம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமாளின் கண்கள் அவருடைய உதட்டைவிட்டு நகரவில்லை.

“எனக்குத் தெரியாது. நானும் பாக்கல” என்றார்.

பெருமாள் காத்திருந்தார். அவ்வளவுதான் பதில்.