பெரிய முள்ளும் பல்லியான தம்பியும்

முன்னொரு காலத்தில், ஊருக்கு ஒரு கடிகாரம் இருந்தாலே பெருமை என்றிருந்த காலத்தில், ஸ்லோவாக் மலைநாட்டில் வெள்ளி தோண்டும் ஊர் ஒன்று இருந்தது. தெருவெல்லாம் மேடு. ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் முட்டி வலிக்கும்.

அந்த ஊர்ச் சுரங்கத்தில் குடியிருந்த மந்திரவாதி, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு நிபந்தனை வைத்திருந்தான். கோட்டை, பலகைக் கோபுரம், வெள்ளிச் சுரங்கம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, மாலை ஆறு மணிக்குக் கடிகாரத்தடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வந்தவர் பல்லி! நின்றுவிட்டால் மந்திரவாதியே பல்லி!

வாத்து மேய்க்கும் டோரோத்தாவின் தம்பி யூராய் அப்படிப் போய்ப் பல்லியானவன்தான். "தின்னிப் பயல்தான், ஆனாலும் என் தம்பியாச்சே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள் டோரோத்தா.

கோட்டை ஏறினாள், பார்த்தாள், இறங்கினாள். கடிகாரத்தில் இரண்டு முள்ளும் பன்னிரண்டில் நின்றன. வயிறு முட்ட உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிட்டாள். அப்புறம் பலகைக் கோபுரம். அங்கே தொங்கும் மரப்பலகையைச் சுத்தியலால் தட்டித்தான் சுரங்கக்காரர்களை வேலைக்குக் கூப்பிடுவார்களாம். காவல்காரர் பலகையின் கதையை மூன்று தலைமுறைக்குச் சொன்னார். அதையும் கேட்டுவிட்டு வந்தால், சின்ன முள் பன்னிரண்டில், பெரிய முள் மூன்றில்.

கால் மணி நேரம்தான் ஆகியிருக்கிறதா? வயிறு மறுபடி கூப்பாடு போடுகிறதே! டோரோத்தாவின் வயிறு பொய் சொன்னதே கிடையாது. ரொட்டி விற்கிறவளிடம் போனாள்.

"ஏம்மா, இந்தக் கடிகாரம் ஓடுதா, தூங்குதா?"

"நல்லாத்தான் ஓடுது. மணி மூணு."

"பன்னிரண்டே கால்னு காட்டுதே!"

"எங்க ஊர்ல பெரிய முள்ளுதான் மணி, சின்னது நிமிஷம். மந்திரவாதி எப்பவோ மாத்தி மாட்டிட்டான். எங்களுக்குப் பழகிப்போச்சு."

"வர்றவங்ககிட்டச் சொல்லக் கூடாதா?"

"யாரும் கேக்கலையே!"

டோரோத்தாவுக்குப் பகீரென்றது. ஆறு மணியைப் பன்னிரண்டரை என்று நினைத்துத்தானே தம்பி இன்னொரு தட்டு சாப்பிடப் போயிருப்பான்!

ஓடினாள். சுரங்கத்தில் மூன்று இடத்தில் தலையை முட்டிக்கொண்டாள். புடைத்த நெற்றியோடு வெளியே ஓடிவந்தால், கடிகாரத்துக்கு எதிரே கடையில் மந்திரவாதி கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"என்ன அவசரம் பெண்ணே? மேலே பார், பன்னிரண்டரைகூட ஆகலை. வந்து ஒரு தட்டு சாப்பிடு."

"நீங்களே சாப்பிடுங்க!" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தடியில் போய் நின்றாள்.

கோபுரத்தில் பலகை முழங்கியது. டொக்! டொக்! டொக்! ஆறு மணி. கரண்டி கீழே விழுந்தது. மந்திரவாதி உட்கார்ந்த இடத்தில் ஒரு பல்லி முழித்துக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த பல்லிகளெல்லாம் மனிதர்களாகித் தொப்புத் தொப்பென்று விழுந்தார்கள்.

டோரோத்தா தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அவள் தோளுக்கு மேலாகக் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அக்கா, பன்னிரண்டரைதானே ஆகுது? இன்னும் ஒரே ஒரு தட்டு..."

அன்று முதல் அந்த ஊர்க்காரர்கள், யார் வந்தாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்: பெரிய முள் மணி, சின்ன முள் நிமிஷம். முள்ளைக் கழற்றிச் சரியாக மாட்டலாம் என்று மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.